வலது ஓரத்து நான்கு பொத்தான்கள்

என் அண்ணன் தமிழரசன் அமெரிக்காவிலிருந்து ஃபோன் செய்தால் முதலில் அம்மாவை விசாரிப்பான், பிறகு மழையை, பிறகு வயலை. என்னை விசாரித்ததில்லை. நான்தான் ஃபோனை எடுத்துப் பேசுகிறேனே, அப்படியென்றால் நன்றாகத்தான் இருப்பேன் என்று நினைப்பு. அன்றைக்கு மூன்றையும் விட்டுவிட்டு எடுத்த எடுப்பிலேயே, "மங்களா, அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருக்கா?" என்றான்.

"பீரோ மேல இருக்கு."

"ஓடுமா?"

"அதுக்கென்ன காலா இருக்கு?"

அவன் சிரிக்கவில்லை. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் லேப் கட்டிக் கொடுத்திருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மேடையில் இந்தப் பழைய மெஷினைப் பெரிய டிவியோடு இணைத்து, அந்தக் கேசட்டைப் போட்டு, அந்த ப்ரோகிராமை வரி வரியாகப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறானாம்.

"முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தி இந்த ஊர்ல ஒரு பையன் என்ன செஞ்சான்னு பசங்க பாக்கணும் மங்களா."

ஒரு பையன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனைச் சாம்பாரில் போட்டிருப்பேன். ஆனால் போடவில்லை. எனக்கும் அந்த மெஷின் ஓடவேண்டியிருந்தது. அவனுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வேண்டியிருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருந்த மாமா எண்பத்தாறில் அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். ரப்பர் பொத்தான்கள். டிவியில் செருகினால் படம் வரும். டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டால் கீச்சுக்கீச்சென்று கத்தி ப்ரோகிராம் ஏறும். அண்ணனுக்கென்று வந்த சாமான் அது. அவன் அதில் ஆட்டம் ஆடினான். கூட வந்த கையேட்டை நான் படித்தேன். எங்கள் வாய்க்காலில் யார் வயலுக்கு என்றைக்கு, எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை சொல்லும் பொறுப்பு அப்பாவிடம் இருந்தது. வருடா வருடம் அதில் மண்டை உடையும். ஒன்பதாம் வகுப்பு லீவில் நான் அந்த முறையைப் போட்டுக் கொடுக்கும் ப்ரோகிராம் ஒன்றை எழுதினேன். மேட்டூர் அணை திறந்த தேதியைக் கொடுத்தால் போதும், அறுவடை வரைக்கும் முறை வந்துவிடும். அந்த வருடம் அப்பா அதைப் பார்த்து எழுதித்தான் கோயில் சுவரில் ஒட்டினார். பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். படத்தில் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். நான் அப்போது படம் எடுக்க வந்தவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அவன் இன்ஜினியரிங் போனான். என்னைப் பன்னிரண்டோடு நிறுத்தினார்கள். கல்யாணம் செய்து வைத்தார்கள், இரண்டே வருடத்தில் திரும்பி வந்தேன். அந்தக் கதையை இங்கே சொல்வதாக இல்லை.

இப்போது எனக்கு ஐம்பத்தொன்று. அம்மா படுக்கையில் விழுந்து ஆறு வருடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். என் கயிற்றின் நீளம் அந்த இரண்டு மணி நேரம்தான். கீழ்வேளூர் கடைத்தெரு வரைக்கும் போய் வரலாம். அதற்கு மேல் பஸ் ஏறினால் மனசு திரும்பி ஓடிவந்துவிடும்.

விழா விஷயமாகத் தலைமையாசிரியை ஜஸீலா டீச்சர் வீட்டுக்கு வந்தபோதுதான் வாய் விட்டுக் கேட்டேன்.

"டீச்சர், லேப்பைப் பாத்துக்க ஆள் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஏன், யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்."

அவர் என்னையும், உள்ளே கட்டிலையும், என் கையிலிருந்த கரண்டியையும் பார்த்தார். கெட்டிக்காரர், கணக்கு டீச்சர். சிரித்து ஒதுக்கவில்லை.

"டிகிரி இல்லியேம்மா. கரெஸ்பாண்டென்ட் ஒத்துக்க மாட்டாரு. நீங்களே செஞ்சதுன்னு காட்டறதுக்கு ஏதாவது ஒண்ணு இருந்தா, நான் பேசிப் பாக்குறேன்."

"காட்டுறேன் டீச்சர்."

என்ன காட்டப்போகிறேன் என்று சொல்லவில்லை. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊரே அண்ணன் எழுதியது என்று முப்பத்தேழு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ப்ரோகிராமின் முதல் வரியில், பத்தாம் எண் போட்ட வரியில், என் பெயரும் வகுப்பும் இருக்கின்றன. அது கேசட்டில் இருக்கிறது. கேசட் என் புடவைப் பெட்டியில் அந்துருண்டைகளோடு இருக்கிறது. பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு விஜயலட்சுமி சரியென்றுவிட்டாள். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை இந்த வீட்டுக்கு வெளியே இருக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மெஷினை இறக்கி டிவியில் செருகினேன். திரை வெளுத்து, அடியில் கம்பெனிப் பெயர் போட்ட அந்தப் பழைய ஒற்றை வரி வந்தது. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினேன். எல்லாம் வேலை செய்தன, வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக இருக்கும் நான்கைத் தவிர. பூஜ்யம், அதன் கீழே பி, அதன் கீழே என்டர், அதன் கீழே இடைவெளி.

நாற்பது பொத்தானில் நாலு போனால் என்ன என்று கேட்கலாம். கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டுமென்றால் அதற்கான கட்டளையோடு இரண்டு மேற்கோள் குறி போட்டே ஆகவேண்டும். மேற்கோள் குறி பி பொத்தானில்தான் இருக்கிறது. போட்டு முடித்தால் என்டர் அமுக்க வேண்டும். ஆக, மற்ற முப்பத்தாறும் சும்மா அழகுக்கு.

நாகூரில் ஜெக்கரியா பாய் என்று ஒருவர் இருக்கிறார். வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரெக்கார்டரையெல்லாம் நாற்பது வருடமாகப் பிரித்து மாட்டுகிறவர். நான் அங்கே போக முடியாது என்று ஃபோனில் சொன்னதும், மறுநாள் காலையில் அவரே பைக்கில் வந்துவிட்டார். முதலில் அப்பாவின் டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டார். பிறகு கம்ப்யூட்டரைக் கவிழ்த்து ஐந்து திருகாணிகளைக் கழற்றினார்.

"வெடுக்குன்னு தூக்கிடக் கூடாதும்மா. மேல்மூடியிலேர்ந்து ரெண்டு பிளாஸ்டிக் நாடா உள்ள போவும். பழசானா அப்பளம் மாதிரி ஒடிஞ்சிடும்."

நாடாக்களை மெல்ல உருவினார். மேலே ஒட்டியிருந்த தகட்டைச் சூடு காட்டி நெம்பினார். ரப்பர் பாயைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, அபிஷேகம் பண்ணிருக்கீங்களா?"

குனிந்து பார்த்தேன். வலது ஓரம் முழுக்க மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு, நடுநடுவே சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு இந்த வீட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அரிவாளுக்கு, மண்வெட்டிக்கு, பம்புசெட்டுக்கு, தையல் மெஷினுக்கு. கம்ப்யூட்டருக்கும் உண்டு. வைத்தது வேறு யாரும் இல்லை, நான். ஒரு வருடம்கூட விட்டதில்லை. கல்யாணமாகிப் போன அந்த இரண்டு வருடமும் வந்து வைத்துவிட்டுத்தான் போனேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தளரக் கரைத்து, வலது ஓரத்தில் மூன்று பொட்டு, அதன் மேல் குங்குமம். அடுத்த வருடம் காய்ந்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில். துடைத்த தண்ணீரெல்லாம் பொத்தான் இடுக்கு வழியாக உள்ளேதான் போயிருக்கிறது.

என் கையாலேயே, வருடத்துக்கு ஒரு தடவை, நல்ல நாள் பார்த்து, என் பெயருக்குப் போகும் வழியை நானே அடைத்திருக்கிறேன். அழுகை வந்தது. அதைவிட, இப்படியும் ஒரு மடச்சி உண்டா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. பாய் இருந்ததால் இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"சரி பண்ண முடியுமா பாய்?"

ரப்பருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருந்தன. அவற்றில் வெள்ளிக் கோடுகள். பொத்தானை அமுக்கினால் மேல் கோடு கீழ்க் கோட்டைத் தொடும், அவ்வளவுதான் சங்கதி. வலது ஓரத்து நான்கு பொத்தான்களுக்கும் ஒரே கோடு. அதில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளி அரித்துப் போயிருந்தது.

"புதுத் தாளு வெளிநாட்டுலேர்ந்துதான் வரணும். மூணு வாரம் ஆவும்."

"வெள்ளிக்கிழமை விழா பாய்."

அவர் பையைத் துழாவி ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். கார்களின் பின்கண்ணாடியில் அறுந்துபோன கோட்டை ஒட்டுகிற வெள்ளி மையாம். எடுத்தவர் அதை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குச் சுகர். கை நடுங்குது. நீங்க கோலம் போடுற கைதானே, நீங்களே இழுங்க. பக்கத்துக் கோட்டுல மட்டும் பட்டுடக் கூடாது. பட்டா எல்லாமே போயிடும்."

ஊசி முனையில் மையைத் தொட்டு இழுக்க ஆரம்பித்தேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். பாதிக் கோட்டில், "மங்களா" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டு மணி நேரம். ஊசியைக் கீழே வைத்தேன்.

"இழுத்துட்டுப் போங்கம்மா, காஞ்சிடப் போவுது," என்றார் பாய்.

"அம்மாவால காத்துக்கிட்டிருக்க முடியாது பாய்."

போய் அம்மாவைப் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். கோட்டின் முனை காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து இழுத்தேன். பாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட வேலைக்கு வந்துடுங்க" என்றார். நாகூர் தூரம் என்றேன்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, புதன்கிழமை மத்தியானம் அவர் சொல்லித் தந்தபடி நானே மாட்டினேன். நாடாக்கள் நேராக இறங்கின. பி அமுக்கினேன், வந்தது. என்டர் அமுக்கினேன், போனது. கேசட்டைப் போட்டேன். நான்கு நிமிடம் டிவியின் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடியது. பிறகு வரிகளைக் காட்டச் சொன்னேன்.

பத்தாம் வரியில், இங்கிலீஷ் எழுத்துகளில், எழுதியவர் மங்களாம்பிகை, ஒன்பதாம் வகுப்பு என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

கீழே இறங்கிப் போனால் இருநூற்று நாற்பதாம் வரி. அது நான் செய்த குறும்பு. எங்கள் வாய்க்காலில் முறை எப்போதும் மேலே தலைப்பு வயலில் தொடங்கிக் கீழே வரும். கடைசியில் இருக்கிற இளையபெருமாள் மாமா வயலுக்கு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அவர் மகள் என் வகுப்பு. இரண்டு வருடம் பயிர் காய்ந்து அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதனால் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வரும் மூன்றாவது சுற்றில் மட்டும் முறை தலைகீழாக, கடைசி வயலிலிருந்து தொடங்கும்படி அந்த ஒரு வரியில் எழுதினேன். அந்த வருடம் இளையபெருமாள் மாமாவுக்கு விளைந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று ஊரும் வாயை மூடிக்கொண்டது. அப்பாவுக்குக்கூடக் கடைசி வரை காரணம் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் வந்தான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அழுதான். உண்மையான அழுகைதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். பிறகு கூடத்துக்கு வந்து மெஷினைப் பார்த்தான். ஏற்றிக் காட்டினேன். முதல் வரியைப் படித்ததும் முகம் மாறியது.

"இதை எப்ப எழுதுன?"

"எழுதுன அன்னிக்கே."

"ஜஸீலா டீச்சர் சொன்னாங்க, லேப்பைப் பாத்துக்க நீ கேட்டியாமே. அம்மாவை யாரு பாக்குறது?"

"விஜயலட்சுமி பகல்ல வரேன்னிருக்கா."

"வெளி ஆள் கையில அம்மாவை விட்டுட்டுப் போவியா?"

"அப்ப நீ பாத்துக்க. மகன்தானே, உள் ஆள்தானே."

"கோவப்படாதம்மா," என்றான். கோபப்படாதம்மா என்று மென்மையாகச் சொல்கிறவர்களிடம்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. "லேப்புக்குத் திருவாரூர்லேர்ந்து ஒரு பையனைச் சொல்லி வெச்சிருக்கேன். உனக்கு எதுக்கு இந்த வயசுல அலைச்சல்? வீட்டுல நிம்மதியா இரு. இதை நான் எழுதுனதுன்னுதான் எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்காங்க. மேடையில போயி இதைக் காட்டினா நூறு கேள்வி வரும். அதனால ஒண்ணும் நெனச்சிக்காத."

சொல்லிக்கொண்டே அமுக்கினான். ஒன்று, பூஜ்யம், என்டர். அந்த மெஷினில் வெறும் எண்ணைப் போட்டு என்டர் தட்டினால் அந்த எண் உள்ள வரி அழிந்துவிடும். மூன்றே தட்டு. அதில் இரண்டு நான் வெள்ளி மை இழுத்து உயிர் கொடுத்த பொத்தான்கள். திரையில் என் பெயர் இல்லை.

"இதை அப்படியே கேசட்டுல பதிஞ்சிடுவோம். பழசு மேலயே," என்றான்.

கேசட்டை முதலுக்குச் சுற்றினேன். பழைய வழக்கம்தான், அவன் நாற்காலியில், நான் டேப் ரெக்கார்டர் பக்கத்தில்.

"சிவப்பையும் ப்ளேயையும் சேத்து அமுக்கு," என்றான்.

"தெரியும்," என்றேன்.

அவனுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு, ப்ளேயை மட்டும் அமுக்கினேன். சிவப்பு இல்லாமல் ஒன்றும் பதியாது.

கேசட் சுற்றியது. திரையின் ஓரத்தில் கோடுகள் ஓடின. அந்த மெஷின் பாவம், கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். சொல்லி முடித்ததும் சரி என்று ஒரு வரி போட்டது. பதிந்ததா என்று சோதிக்க இன்னொரு கட்டளை உண்டு. அது கையேட்டில் இருபதாவது பாடத்தில் வருகிறது. அண்ணன் அதுவரைக்கும் படித்தவன் இல்லை.

"அவ்ளோதான்," என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். கேசட்டை நானே உறையில் போட்டு அவன் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்தது. "நீ எதுக்கு, அம்மா தனியா இருக்கும். விஜயலட்சுமியும் விழாவுக்குக் கிளம்பிட்டா," என்று சொல்லிவிட்டு ஏறினான். நான் வாசல் கம்பிக் கதவைச் சாத்தினேன். பத்தரைக்கு விழா. பத்தே முக்காலுக்குக் கேசட் போட்டிருப்பான். நான் கீரை ஆய்ந்தேன். கீரையையும் தண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டிருக்கிறேன் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு ஃபோன் அடித்தது. ஜஸீலா டீச்சர்.

"மங்களாம்பிகை, உங்கண்ணனுக்கு உங்க மேல எவ்வளவு பாசம்! முதல் வரியிலேயே உங்க பேரு. படிச்சதும் அவருக்குப் பேச்சே வரல. அப்பறம், 'என் தங்கச்சி பேரை ஆசையா நான்தான் போட்டேன்'னு சொன்னார். எல்லாரும் கைதட்டுனாங்க. உங்களுக்குச் சொல்லணும்னுதான் வெளிய வந்தேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் பெயரை எடுத்து எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டான். இனிமேல் அந்தக் கேசட்டை யாரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் அண்ணனின் பாசத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த வீடும், இந்தக் கட்டிலும், இந்த இரண்டு மணி நேரமும்தான் எனக்கு என்று முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் எனக்குச் சரியான கோபம் வந்தது.

"டீச்சர், அவர் இன்னும் மேடையிலதான் இருக்காரா?"

"ஆமா. பசங்க கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"எனக்கும் ஒரு கேள்வி இருக்கு, கேக்குறீங்களா? இருநூத்து நாப்பதாம் வரி என்ன பண்ணுதுன்னு கேளுங்க. மூணாவது சுத்துல மட்டும் முறை கடைசி வயல்லேர்ந்து தலைகீழா ஆரம்பிக்கும். ஏன் அப்படி எழுதுனார்னு கேளுங்க."

அவர் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார். கணக்கு டீச்சர்.

"உங்களுக்கு ஏன்னு தெரியுமா?" என்றார், குரலை இறக்கி.

"தெரியும் டீச்சர். அந்த வயலுக்காரர் இளையபெருமாள் மாமா. இன்னிக்கு விழாவுக்கு வந்திருப்பார். எந்த வருஷம் அவருக்கு விளைஞ்சுதுன்னு அவரையே கேட்டுக்கலாம்."

"ஃபோனை வெச்சிடாதீங்க," என்றார்.

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது, கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு மைக்கில் ஜஸீலா டீச்சரின் குரல், வகுப்பில் கரும்பலகைக்கு ஆளைக் கூப்பிடுகிற அதே குரல், நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டது. இரைச்சல் அடங்கியது. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மைக்கில் அண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது. மறுபடியும் செருமினான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"மங்களா," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"இரும்மா, வரேன்," என்றேன். ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாவைக் காத்திருக்கச் சொன்னேன்.